நோவாடக் ஆற்றின் திருப்பத்தில்

என் வசந்தாவுக்கு,

விளக்கேற்றிவிட்டு, காபி டம்ளரோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். உன் நாற்காலியில் இஸ்திரிக்குப் போகவேண்டிய துணி கிடக்கிறது. வேண்டுமென்றேதான் போட்டு வைத்திருக்கிறேன். காலியாக இருந்தால் கண் அங்கேயே போகிறது.

உன் அண்ணன் போன பிறகு இந்த மந்தைவெளி ஃபிளாட்டில் நாம் இரண்டே பேர். அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில் என்றதும், எப்போது சண்டை வெடிக்கும் என்று சொந்தக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். நாமோ சாயங்காலம் ஆனால் அலாஸ்காவுக்குப் போய்விடுவோம்.

எல்லாம் நீ ஆரம்பித்ததுதான். சைதாப்பேட்டை பாலத்தில், கீழே ஓடும் ஆற்றின் நாற்றம் தாங்காமல் பஸ்ஸுக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டே ஆபீஸ் போய்வந்தவள் நீ. ரிட்டயரானதும், "பாலமே இல்லாத ஆறு ஒண்ணு பாக்கணும் அண்ணி" என்றாய். மாடிப்படி இறங்கினாலே உனக்கு மூச்சு வாங்கியது. அதனால் கம்ப்யூட்டர் மேப்பில் தேடினாய். கிடைத்தது நோவாடக். துருவ வட்டத்துக்கும் வடக்கே, பனி உறைந்த மலையடியில் பிறந்து மேற்கே ஓடும் ஆறு. அணை கிடையாது, பாலம் கிடையாது, வழி நெடுகிலும் ஒரே ஒரு ஊர்.

உன் சட்டதிட்டங்கள் இருக்கின்றனவே, அப்பப்பா. ஒரு நாளைக்குத் திரையில் ஒரு விரற்கடைதான் போகவேண்டும். முன்னால் தாண்டிப் போய்ப் பார்க்கக்கூடாது. இடக்கரை உனக்கு, வலக்கரை எனக்கு. கண்ணில் பட்டதை வாய்விட்டுச் சொல்லவேண்டும்.

"என் பக்கம் ஒரு ஏரி. உங்க பக்கம்?"

"மண்ணு."

"என்ன மண்ணு? நல்லா பாத்துச் சொல்லுங்க அண்ணி. நாளைக்குத் திரும்பி வரப்போறோமா என்ன?"

மரமே இல்லாத அகலமான பள்ளத்தாக்கு. எத்தனை குட்டைகள்! ஆறு எப்போதோ கைவிட்ட வளைவுகள் கூடத் தனித்தனிக் குளங்களாகக் கிடந்தன. பிறகு இரண்டு பக்கமும் மலை நெருக்கியது. அதைத் தாண்டியதும் ஊசியிலை மரங்கள் புள்ளி புள்ளியாக வந்தன. "மரம்!" என்று நீ கத்தியதில் கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார். அவரிடம் என்ன சொல்லிச் சமாளித்தோம்?

மலையை விட்டு ஆறு வெளியே வரும் இடத்தில்தான் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, "அங்கயே நில்லுங்க, வந்துடறேன்" என்றாய்.

நின்றேன். மழைக்காலம் முழுக்க நின்றேன். கம்ப்யூட்டரைத் திறப்பேன், அந்த இடம் வரும், மூடிவிடுவேன். ஆளில்லாக் காட்டில் உன்னைத் தனியே விட்டுவிட்டு நான் மட்டும் எப்படிப் போவது?

தை பிறந்த பிறகு துணிந்து கிளம்பினேன். இரண்டு கரையையும் நானே பார்த்தேன், நானே சொன்னேன். மேலேயிருந்து எடுத்த படத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாது அல்லவா? ஆறு அங்கே தெற்கே திரும்புகிறது. நான் அதைக் கவனிக்காமல், வடக்கு மலையிலிருந்து வந்து சேரும் கிளையாற்றில் எதிர்த்திசையில் ஏறிவிட்டேன். நாளுக்கு நாள் அது இளைத்தது. மலையிடுக்காக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடைசியில் நூல் நூலாகப் பிரிந்து, மொட்டை மலையில் ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

கடலுக்குக் கிளம்பியவள் மலையுச்சியில் போய் நிற்கிறேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உன் பக்கம் திரும்பினேன். அப்புறம் அழுதேன், வசந்தா. உன் காரியத்தன்றுகூட அப்படி அழவில்லை.

அந்த நேரம் பார்த்து, வேலைக்கு வரும் செல்வி பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"இன்னாம்மா, யாராண்ட பேசிக்கினு கீற?"

நான் திரையைக் காட்டினேன். அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"ஒரு ஊடுகூட இல்லியேம்மா. ஆளே இல்லாத எடத்துல இன்னாத்தத் தேடற?"

மேப்பை மூடிவிட்டேன். நீ இருந்திருந்தால் அவளுக்கு என்ன சொல்லியிருப்பாய்?

மறுநாள் திருப்பத்துக்குத் திரும்பி வந்து, சரியான வழியைப் பிடித்தேன். அந்த ஒரே ஊரும் வந்தது. வரிசையாகக் கொஞ்சம் வீடுகள், ஒரு சின்ன விமான ஓடுதளம். ஊருக்குக் கீழே ஆறு பல வாய்க்கால்களாகப் பிரிந்து சேற்றுத் தீவுகளைச் சுற்றிக்கொண்டு போகிறது. இன்னும் ஒரு விரற்கடை போனால் கடல். அதற்கப்புறம் உன்னோடு பேச எனக்கு என்ன மிச்சம்? அதனால்தான் எத்தனையோ நாளாக இங்கேயே சுற்றிச் சுற்றி வருகிறேன்.

இன்றைக்கு உன் சட்டத்தை மீறினேன். மேப்பைச் சின்னதாக்கி முழு உலகத்தையும் பார்த்தேன். அந்த ஆறு விழும் கடல் ஒரு நீரிணை வழியாகப் பெரிய கடலில் சேருகிறது. அங்கிருந்து விரலை எடுக்காமல் தண்ணீரிலேயே இறங்கி வந்தேன். பெசன்ட் நகருக்கே வந்துவிட்டேன். என் பிள்ளை ரகு உன் அஸ்தியைக் கரைத்தானே, அங்கே. அன்றைக்கு நான் மணலிலேயே நின்றுவிட்டேன், காலைக்கூட நனைக்கவில்லை.

நீ காட்டில் எங்கேயும் நிற்கவில்லை. என்னை நிற்கச் சொல்லிவிட்டு நீ முன்னாலேயே கடலுக்குப் போய்விட்டாய், கள்ளி.

நாளைக்கு அந்தக் கடைசி விரற்கடையை முடித்துவிடுகிறேன், இது சத்தியம். உன் கரையையும் என் கரையையும் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே வருவேன். கரை முடிந்த பிறகு என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. இருந்தாலும் வருகிறேன்.

உன் அண்ணி,
சாரதா