கப்பல்துறைப் பலகை

1962 மாசி 18, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்ததும் நாங்கள் ஐந்து நண்பர்களும் வழக்கம்போலக் கத்தி, மண்வெட்டியோடு கப்பல்துறைக் கிராமத்துக் காட்டுப்பாதையைத் துப்புரவாக்கப் போனோம்.

போன ஞாயிறு, பாதை பிரியும் இடத்தில் நின்ற 'கண்டி வீதி' என்ற வழிகாட்டிப் பலகையைக் கழற்றிப் புதுப் பெயின்ற் அடித்தவன் நான்தான். வெயிலில் கொப்பளித்துவிடும் என்று குளத்துக்குப் போகும் பாதையோரம் நிழலில் சாய்த்து வைத்தேன். மழை வந்தது. பஸ்ஸுக்கு ஓடினோம். பலகை அங்கேயே, அம்புக்குறி குளத்துப் பக்கம் பார்த்தபடி நின்றுவிட்டது.

இன்று பார்த்தால் அது தன் கம்பத்தில் இருந்தது. பக்கத்தில், காட்டுக்குள் புதிதாகக் குடிவந்த காசிம் அண்ணன், அவர்கள் பேச்சில் காசிம் காக்கா, நின்றார்.

"நான்தான் திருப்பி ஆணி அடிச்சனான் தம்பி. திங்கக்கிழமை பொழுதுபடேக்க மனிசிக்குப் பிள்ளை பெறுற நோ கண்டிட்டுது. கதிரையில இருத்தி நானும் மச்சானும் ஆஸ்பத்திரிக்கெண்டு தூக்கிக்கொண்டு வந்தனாங்கள். பலகையைப் பார்த்து நடந்தா, குளம். திரும்பி றோட்டுக்கு வர விடிஞ்சிட்டுது."

"பிள்ளை?" என்று கேட்டேன்.

கையை விரித்தார். "மனிசி தப்பிட்டா."

பிறகு, "ஆர் தம்பி பலகையை மாத்தி வைச்சது?" என்றார்.

மற்ற நால்வரும் நிலத்தைப் பார்த்தார்கள்.

"காத்தாயிருக்கும் காக்கா," என்றேன்.

"ஓம், காத்துத்தான். பாடுபட்டுப் பாதை வெட்டுற நீங்கள் அப்பிடிச் செய்வீங்களே?"

பலகையில் ஆறு ஆணி அடித்திருக்கிறார். "இனி எந்தக் காத்துக்கும் அசையாது," என்று சொல்லிக்கொண்டே வீட்டிலிருந்து கொண்டுவந்த தேத்தண்ணியை ஊற்றி, முதல் கோப்பையை எனக்குத்தான் தந்தார்.

வாங்கிக் குடித்தேன்.