வானத்தில் ஊன்ற முடியாத குச்சி

கடைசிவரை என்னைத் 'தாயி' என்றே கூப்பிட்ட என் சவரி அண்ணனுக்கு,

நாளைக்கு உங்களுக்கு முதலாண்டுத் திருப்பலி. காரைக்குடியில் ரயிலை விட்டு இறங்கி, தேவகோட்டை பஸ் பிடித்து, நேற்றே ஊருக்கு வந்துவிட்டேன். பூசை முடிந்து எல்லாருக்கும் கொடுக்கிற நினைவுத் தாளுக்கு நாலு வரி எழுதச் சொன்னார் அண்ணி. நாலு வரியில் அடங்கவில்லை அண்ணே. ஊரே படிக்கட்டும், அதற்குத்தான் எழுதுகிறேன்.

சென்னை வானிலை ஆபீஸில் நான் என்னதான் வேலை பார்க்கிறேன் என்று ஒரு கிறிஸ்துமஸுக்குக் கேட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? காற்று மேலே ஏறினால் மேகம் திரளும், கீழே இறங்கினால் வானம் வெளுக்கும் என்றேன். பெரிய மழைச் சுழிகளில் அது நொடிக்கு ஒரு விரற்கடைதான் ஏறும், நேராக அளக்க வழியில்லை. பலூன் விட்டுப் பக்கவாட்டுக் காற்றை அளந்து, உள்ளே வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு என்று கழித்துப் பார்த்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்வோம் என்றேன்.

"கண்மாய்க்கு வர்ற தண்ணியையும் மடையில போறதையும் பாத்து, மட்டம் ஏறுதா எறங்குதான்னு சொல்ற மாதிரியா தாயி?"

"அதேதாண்ணே."

"இதுக்கா இம்புட்டுப் படிப்பு? ஒரு குச்சிய ஊனிப் பாத்தாத் தெரிஞ்சுட்டுப் போகுது!"

"வானத்துல குச்சி ஊன முடியாதுல்லண்ணே."

"அப்ப நீ சொல்றதுதான் எங்களுக்குக் குச்சி" என்று சிரித்தீர்கள்.

போன வருஷம் பொங்கல் கழிந்து போன் செய்தீர்கள். "அறுப்பு மிஷின் இன்னைக்கு நம்ம ஊருல நிக்கிது தாயி. விட்டா இன்னொரு வாரம் ஆகும். இலங்கைப் பக்கம் மழைச் சுழி இருக்குன்னு டிவியில சொல்றாக. அறுத்துக் களத்துல காயப்போடவா, பொறுக்கவா?"

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கழித்துப் பார்த்த கணக்கை மட்டும் வைத்து வாயைத் திறக்கக் கூடாது. பக்கக் காற்றில் துளி பிசகினாலும் ஏறுகிற காற்று இறங்குவதாகக் காட்டிவிடும். வெப்பத்தையும் சுழற்சியையும் வைத்து இன்னொரு கணக்குப் போட்டு, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம். அந்த இரண்டாவது கணக்கு வர அரை மணி நேரம் இருந்தது. எனக்குக் கூட்டத்துக்குப் போகிற அவசரம். அதைவிட, தெரியவில்லை என்று உங்களிடம் சொல்ல வாய் வரவில்லை. "நம்ம பக்கம் காத்து எறங்குதுண்ணே, தைரியமா அறுங்க" என்றேன்.

கூட்டம் முடிந்து வந்து பார்த்தேன். இரண்டாவது கணக்கு, காற்று ஏறுகிறது என்றது. மிஷின் அப்போதுதான் வயலில் இறங்கியிருக்கும், ஒரு போன் போட்டிருந்தால் போதும். ஆனால் முதல் கணக்கு நானே உட்கார்ந்து எழுதியது. அதுதான் சரி என்று இருந்துவிட்டேன். எல்லாம் திமிர் அண்ணே, வேறென்ன?

மூன்று நாள் விடாமல் பெய்தது. களத்தில் கிடந்த நெல் முளைவிட்டுப் பச்சையாக நின்றது என்று அண்ணி பிறகு சொன்னார். நீங்கள் இரண்டு தடவை கூப்பிட்டீர்கள். நான் எடுக்கவில்லை. திட்டவா கூப்பிட்டீர்கள், இல்லை மனசை விட்டுடாதே தாயி என்று சொல்லவா? தவக்காலம் தொடங்கிய வாரம் நெஞ்சுவலியில் போய்விட்டீர்கள். இனி யாரிடம் கேட்பேன்?

அடக்கத்தன்று பக்கத்து வயல் கருப்பையா அண்ணன் என்னிடம் வந்தார். "உங்க பேச்சக் கேட்டிருந்தா நெல்லு தப்பிச்சிருக்கும்மா. 'மழை வருதுன்னு தங்கச்சி தலபாடா அடிச்சுக்கிட்டா, நாந்தேன் அவசரப்பட்டு அறுத்துப்புட்டேன்'னு டீக்கடையில அவரே சொல்லி வருத்தப்பட்டாக" என்றார்.

அடப் பாவி மனுசா! யார் கேட்டார்கள் உங்களிடம் இந்தப் பொய்யை? தங்கச்சியை ஊர் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்று அவசரக்குடுக்கைப் பட்டத்தை நீங்களே தலையில் வைத்துக்கொண்டீர்கள். உங்களைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, நான் கருப்பையா அண்ணனிடம் தலையை ஆட்டினேன். நெல் போனதைவிட இதுதான் என்னைத் தின்கிறது.

இந்த வருஷ அறுப்புக்குக் கருப்பையா அண்ணன் எனக்கே போன் செய்தார். "நாங்க ஒங்கண்ணன் மாதிரி இல்லம்மா, சொன்னாக் கேப்போம்" என்றார். இந்தத் தடவை இரண்டு கணக்கும் வரக் காத்திருந்தேன். இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. "தெரியலண்ணே" என்று சொன்னேன். போன வருஷம் அறுக்கச் சொன்னது நான்தான் என்பதை அப்போதும் சொல்லவில்லை.

நாளை பூசை முடிந்ததும் இந்தத் தாளைக் கொடுப்பதற்கு முன்னால், கோயில் வாசலில் நின்று இதை நானே வாசிப்பேன். இனி தெரியாததைத் தெரியும் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன், இது உங்கள் மேல் சத்தியம். கருப்பையா அண்ணனைப் பார்த்து இதையும் சொல்வேன்: என் அண்ணன் என் பேச்சைக் கேட்டார். கேட்டதால்தான் நெல் முளைத்தது.

உங்கள் பொய்க்குள் ஒரு வருஷம் ஒளிந்திருந்த
உங்கள் தங்கச்சி,
மேரி