கடற்காற்று ஒட்டிய தாள்கள்

இன்று ஒரு கல்யாணத்துக்காக மணமேல்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்த நாற்றம் முகத்தில் அடித்தது. கரையில் ஒதுங்கி அழுகும் கடற்பாசியின் வாடை. கூட வந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். நான் உன்னை நினைத்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நானும் இப்படித்தான் பொத்தினேன். நீ கையைத் தட்டிவிட்டாய். "இதுதாண்டி மேகத்துக்கு வெதை. கடல்ல இருக்கிற நுண்ணுயிருங்க விடுற வாயுவும் இதுல இருக்கு. மேல போய்த் தூளா மாறும், அதைச் சுத்தித் தண்ணி சேரும்."

ஒரே கல்லூரியில் வேதியியல் படித்தவர்கள் நாம். ஆராய்ச்சித் திட்டமொன்றில் இருவருக்கும் ஒப்பந்த வேலை கிடைத்தது. கரையோர வீட்டின் மொட்டை மாடியில் காற்றை உறிஞ்சும் இயந்திரம். தினமும் காற்றின் தூள் படிந்த அதன் வடிதாளை மாற்றி, அலுமினியத் தாளில் சுற்றி, ஃப்ரீசரில் வைக்க வேண்டும். தை மாதத்தில், வடக்கிலிருந்து காற்று வந்த நாட்களில் தாள் கரியாக இருந்தது. கோடையில் கடற்காற்று வீசியபோது ஏதும் ஒட்டாததுபோல் வெளுத்திருந்தது. வெளுத்த தாளில்தான் உனக்கு ஆசை. அலை நுரை உடைந்து தெறித்த உப்பு அதில் இருக்கிறது, வெயிலைத் திருப்பி அனுப்புகிற தூள் என்பாய். கரியோ வெயிலைக் குடித்துக் காற்றைச் சுட வைக்கும்.

ஒருநாள் திட்டத்தின் விஞ்ஞானி போனில் பேசும்போது இன்னொன்றையும் சொன்னார். காற்றில் உள்ள மாசில் ஒரு பகுதி, பூமியின் சூட்டை ஓரளவு மறைத்துக்கொண்டிருக்கிறதாம். அதைச் சுத்தம் செய்தால் மறைந்திருந்த சூடு வெளியே தெரியும். போனை வைத்துவிட்டு நீ மாடிப்படியில் உட்கார்ந்தாய்.

"அப்பக் கழுவுனாலும் சுடும், கழுவலேன்னா மூச்சு முட்டும். என்னடி பண்றது?"

நான் அன்றைய தாளைச் சுற்ற அலுமினியத் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகைப் புயலில் கரண்ட் போய் மூன்று நாள் வரவில்லை. மீன் ஏலக்கூடத்திலிருந்து நீ ஐஸ் பெட்டியைத் தூக்கி வந்தாய். கை மரத்துப்போகும்வரை இருவரும் ஃப்ரீசரில் ஐஸை அடைத்தோம். அது உருகி, அலுமினியத்தில் சுற்றி வைத்த வடிதாள்களுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. பதினோரு மாதத் தாள்கள் கஞ்சியாக ஊறிக் கிடந்தன. நீ போனில் கெஞ்சினாய்: "சார், புதுசாத் தொடங்கிருவோம் சார். நாங்க ரெண்டு பேரும் இங்கனயே இருக்கோம் சார்." திட்டத்தை நீட்டிக்கப் போவதில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள் என்றார்கள். கொட்டியது நான். நீ மாடியிலிருந்து கீழே வரவேயில்லை.

பிறகு நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் சேர்ந்தேன். நீ புதுக்கோட்டையில் மருந்துக் கடைக்குப் போனாய். அடுத்த மழைக்காலத்துக் காய்ச்சல் ஆறே நாளில் உன்னைக் கொண்டுபோயிற்று.

துக்கம் கேட்கப் போனபோது உன் அம்மா ஒரு நோட்டைக் கொடுத்தார். "எனக்கு ஒண்ணும் புரியலத்தா. நீயே வச்சுக்க." கருவி எதுவும் இல்லாமலே தினமும் எழுதியிருந்தாய்: காற்று எங்கிட்டிருந்து, மேகம் எப்படி, வானம் கலங்கலா தெளிவா. அந்த விஞ்ஞானியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார். "கருவில எடுத்த அளவு இல்லாம இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா," என்றார். அவர் சொன்னது சரிதான். அதுதான் தாங்க முடியவில்லை.

கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: "காய்ச்சல். காத்து பார்க்கல." அதற்குக் கீழே எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆனாலும் தினமும் காலையில் வீட்டைப் பூட்டிவிட்டு, காற்று எங்கிட்டிருந்து வருகிறதென்று ஒரு நிமிஷம் நின்று பார்க்கிறேன். பார்த்து என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.