இறக்கத்தில் சொன்ன பகிடி

நார்த்மீட், சிட்னி
30.03.2025

அன்பின் மச்சான் கௌரிசங்கருக்கு,

ஜெயசிங்கம் எழுதிக்கொள்வது. சுகமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. உன்னிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆகையால் இங்கே மழை, என் வீட்டுக்காரி யசிந்தாவுக்குத் தடிமனும் தும்மலும், நான் வழக்கம்போல இரண்டு பேரின் சாப்பாட்டைச் சாப்பிடுகிறேன் என்று தொடங்குகிறேன்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் கடிதம் எழுதுகிறானே என்று நீ சிரிப்பாய். சிரி. பிழைகளை உன் சிவப்புப் பேனையால் திருத்திக்கொண்டே படி. போனில் சொல்லத்தான் பார்த்தேன். ஏழு மாதமாக நீ என் போனை எடுக்கவில்லை. குரலில் பதிந்து அனுப்பினால் உன் வீட்டுக்காரி கமலினிதான் முதலில் கேட்பாள். இது நீ தனியே படிக்க வேண்டியது. உன் கை இரண்டும் முன்போலவே இருக்கின்றன என்று அவள் சொன்னாள். உறையை நீயே கிழித்திருப்பாய் என்று நம்புகிறேன்.

நீங்கள் மெல்பேர்னுக்கு மாறிப்போனபோது கூடவே கொண்டுபோன உன் சைக்கிள் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. பெட்டியின் பருமனைப் பார்த்துவிட்டு, நான் புது ஃபிரிட்ஜ் வாங்கிவிட்டேன் என்று நினைத்து யசிந்தா ஐந்து நிமிடம் சந்தோஷமாக இருந்தாள். அன்று பின்னேரம் கமலினி போன் எடுத்தாள். "அண்ணை, மே மாதம் நீங்கள் தனிய எண்டாலும் சிசிலிக்குப் போகவேணுமாம். தன்ர சைக்கிளிலைதான் ஓடவேணுமாம். அண்டைக்கு நீங்கள் பக்கத்திலை இல்லாட்டித் தான் உயிரோடை இல்லையாம், அதையும் சொல்லட்டாம்" என்று சொல்லிவிட்டு அழுதாள். நான் ஓம் ஓம் என்று சொல்லிப் போனை வைத்தேன். பிறகு கராஜுக்குள் போய் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை.

மச்சான், அந்த நன்றியை என்னால் வாங்க முடியாது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நேரே விஷயத்துக்கு வரப் பயமாக இருக்கிறது. கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

உனக்குச் சீனி வருத்தம் என்று டொக்டர் சொன்ன கிழமையே நீ அந்தச் சைக்கிளை வாங்கினாய். கைபிடி ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி, டயர் மட்டும் தடிப்பு. கிறவல் றோட்டில் ஓடுவதற்கென்றே செய்தது என்றாய். மன்னாரில் எங்கள் கிறவல் றோட்டுக்குத் தார் வரும், தார் வரும் என்று பார்த்திருந்தே என் ஐயா கண்ணை மூடினார், நீ என்னடா என்றால் நல்ல தார் றோட்டை விட்டு இறங்கிக் கல்லில் ஓட ஆள் சேர்க்கிறாய் என்று ஏசினேன். ஏசிவிட்டு நானும் ஒன்று வாங்கினேன். ஞாயிறு பூசை முடிந்ததும் நான் வந்துவிடுவேன், நீ பிள்ளையாருக்கு ஒரு குட்டுப் போட்டுவிட்டு வருவாய். நாள் முழுக்க டைல் பதித்து மடங்கிப்போன என் முழங்காலுக்கு அந்த ஓட்டம் சுகமாக இருந்தது. உன்னோடு கதைத்துக்கொண்டு போவது அதைவிடச் சுகம்.

இத்தாலியின் சிசிலித் தீவு உன் கனவு. அதன் வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, விரலால் இழுத்துக் காட்டுவாய். இந்தக் குன்றில் திராட்சை, அந்தச் சரிவில் ஒலிவ் மரம், கார் வராத மண் பாதை, எதிரே வந்தால் ஆடுகள்தான் வரும், எட்டு நாள் ஓட்டம். ஆடு வந்தால் நீ இறங்கி நிற்பாயா, ஆடு இறங்கி நிற்குமா என்று நான் கேட்பேன். உன் முகம் ஒரு மாதிரிப் போகும். உடனே சிரித்தும் விடுவாய். உன்னைச் சீண்டாமல் எனக்கு ஒரு நாளும் போனதில்லை, உனக்கும் தெரியும்.

அதற்குப் பழகத்தானே ஓகஸ்ட் மாதம் ஹன்ரர் பள்ளத்தாக்குக்குப் போனோம். இத்தாலி மாதிரியே இருக்கும் என்று கூட்டிக்கொண்டு போனாய். திராட்சைக் கொடி ஒன்றிலும் இலை இல்லை, வெட்டி விட்ட கட்டைகள் வரிசை வரிசையாக நின்றன. இத்தாலிக்கு யாரடா மொட்டை அடித்தது என்று கேட்டேன். நீ சிரித்த சிரிப்பில் சைக்கிளை மதிலோடு சாய்த்துவிட்டு நின்றாய். மத்தியானம் கமலினி கட்டித் தந்த புட்டைச் சாப்பிட்டோம். அதுவரைக்கும்தான் உனக்கு ஞாபகம் என்று டொக்டர்மார் சொன்னார்கள். மிச்சம் முழுவதும் என்னிடம் இருக்கிறது.

தோட்டம் முடிகிற இடத்தில் ஓர் இறக்கம். அலையலையாக மேடு தட்டிய கிறவல், கீழே வளைவு, வளைவில் வாய்க்கால். நான் முதலில் இறங்கிக் கீழே நின்றேன். நீ பிறேக்கைப் பிடித்துப் பிடித்து வந்தாய். நீதான் சரியாக வந்தாய். நான் கீழேயிருந்து கத்தினேன். "என்னடா, கமலினி வந்து கையைப் பிடிச்சு இறக்கி விடட்டோ?" இதைத்தான் கத்தினேன். நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டு பிறேக்கை விட்டாய்.

வளைவில் முன் சில்லுச் சறுக்கியது. வாய்க்காலுக்குள் முதுகு அடிபட விழுந்தாய். நீ களைத்தால் விழுந்த மாதிரி நடித்து ஆறுகிற ஆள். நான் சைக்கிளை மெல்லச் சாய்த்து வைத்துவிட்டு ஆறுதலாகத்தான் நடந்து வந்தேன். "நடிக்காதை, எழும்பு" என்றேன். நீ "கொஞ்சம் பொறு மச்சான்" என்றாய். அப்போது உன் வலது சப்பாத்து கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். உன் கால் அசைந்தது, கௌரி.

நான் பொறுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவன் விழுந்தால் முதல் வேலை தூக்கி நிமிர்த்துவதுதானே. மரத்தால் விழுந்தவனையும் வள்ளத்தில் அடிபட்டவனையும் நாலு பேர் தூக்கித்தான் பார்த்திருக்கிறேன். உன் கக்கத்துக்குள் கையைக் கொடுத்து இழுத்து, மேட்டில் இருத்தினேன். நீ ஒருதரம் கத்தினாய். கொஞ்ச நேரத்தால் என்னிடம் சொன்னாய், "மச்சான், என்ர காலைக் கொஞ்சம் நேராக்கி விடு."

உன் கால் நேராகத்தான் இருந்தது.

உன்னை மெல்லப் படுக்க வைத்துவிட்டு, போனில் சிக்னல் தேடி மேட்டில் ஏறினேன். அம்புலன்ஸ் வந்தது. பச்சைச் சீருடையோடு ஒரு பெண் பிள்ளை என்னிடம் கேட்டாள், இவரை அசைத்தாயா, தூக்கினாயா என்று. நான் "நோ" என்றேன். அவள் கேட்டது எனக்கு நல்லாக விளங்கியது, இங்கிலீஷ் மேல் பழி போடமாட்டேன். இருபது வயதில் ஊரில் ஆமிச் செக்பொயின்டில் நின்று பழகிய வாய் இது. சீருடை போட்டவர் என்ன கேட்டாலும் இல்லை என்றுதான் வரும். கண்டாயா, இல்லை. போனாயா, இல்லை. அந்தப் பிள்ளை என்னை அடிக்க வரவில்லை, உன்னைக் காப்பாற்ற வந்தவள். என் வாய்க்கு அது தெரியவில்லை. அவள் எழுதிக்கொண்டாள். பிறகு ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார், கமலினி கேட்டாள், யசிந்தா கேட்டாள். எல்லோருக்கும் அதே பதில்.

கோயிலில், பூசைக்கு வருகிற ஒரு தாதியிடம் யாரோ ஒருவருக்கு நடந்ததுபோல விசாரித்தேன். விழுந்ததிலேயே முள்ளந்தண்டு முறிந்திருக்கலாம், தூக்கியதில் கூடியிருக்கலாம், இனி யாராலும் சொல்ல முடியாது என்றாள். யாராலும் சொல்ல முடியாதாம். அந்தச் சப்பாத்தைப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான். பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது திரும்பி வெளியே வந்துவிட்டேன். சுவாமியார் மன்னித்து அனுப்பிவிடுவார், அது எனக்குத் தெரியும். நான் அந்த ஆளிடம் கேட்க வேண்டிய விஷயம் இல்லையே இது.

வேலையிடத்தில் இப்போதும் நான்தான் பகிடிக்காரன். நேற்றும் பொடியள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பழகிய வாய், தானாக ஓடுகிறது. அது ஓடும்போது நான் எங்கேயோ நிற்கிறேன். மருந்து கட்டினால் மாறுகிற வருத்தமாக இது எனக்குத் தெரியவில்லை.

சிசிலிக்கு நான் போகவில்லை. உன் சைக்கிளில் நான் ஏறவும் மாட்டேன். கமலினிக்கு நீ சொன்னாலும் சரி, நான் சொல்ல வேண்டுமென்றாலும் சரி. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து யசிந்தாவுக்குச் சொல்வேன்.

அடுத்த சனிக்கிழமை மெல்பேர்னுக்கு ரயில் எடுக்கிறேன். பதினொரு மணித்தியாலம். இரவு தங்கிவிட்டு ஞாயிறு காலை கிளென் வேவர்லி ரயிலில் கடைசி வரைக்கும் வருவேன். அங்கிருந்து நடந்து உன் வாசலுக்கு வருவேன். பெல் ஒரு தரம்தான் அடிப்பேன். நீ வந்து ஏசினாலும் நின்று கேட்பேன், காறித் துப்பினாலும் துடைக்கமாட்டேன். கதவு திறக்காவிட்டால் பின்னேர ரயிலுக்குத் திரும்பிவிடுவேன். அதன்பிறகு போன் எடுத்து உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன். ஆனால் கௌரி, பரவாயில்லை என்று மட்டும் கமலினியிடம் சொல்லி அனுப்பிவிடாதே. என்ன சொல்வதென்றாலும் உன் வாயால் சொல்.

சாப்பாட்டுக்கு முந்திய ஊசியைத் தவறவிடாதே. சில்லுக் கதிரையில் கனநேரம் ஒரே பக்கம் சாய்ந்து இராதே, புண் வரும் என்று அந்தத் தாதி சொன்னாள். உன் பிள்ளையாரும் என் மடு மாதாவும் யார் பெரியவர் என்று சண்டை பிடிக்காமல், இரண்டு பேருமாகச் சேர்ந்து உனக்கு நல்ல நித்திரையைத் தரவேண்டும். எனக்காக நான் ஒன்றும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஜெயசிங்கம்