கைதட்டின இடம்

ஒக்டோபர் 12, ஞாயிறு

இண்டைக்கு அந்தப் படத்துக்குப் போயிருக்கக் கூடாது. என்ர மனுசன் முந்தி யாழ்ப்பாணத்தில வாடகை வீடியோவில பார்த்துப் பைத்தியமான பழைய அமெரிக்கப் பொலிஸ் படம். இங்க லண்டனில, பார்க்கிங் எண்ட ஊர்த் தியேட்டரில திரும்பவும் போட்டிருக்கினம் எண்டு மகள் ஆரணிதான் ஆசையாய்க் கூட்டிக்கொண்டு போனவள்.

பொலிஸ்காரன் பிடிபட்டவனை அடிச்சு உண்மையைக் கக்க வைக்கிற இடத்தில இவர் வழமை போலக் கைதட்டினார். ஆரணி குனிஞ்சு மெல்லக் கேட்டாள்: "அப்பா, உங்களையும் இப்பிடித்தானே அடிச்சவங்கள்?"

இவர் கையை மடியில வைச்சிட்டார். ஊரில ஆமிக்காரர் பிடிச்சுக்கொண்டு போய்க் காம்பில அடிச்சதை அவளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. நாங்கள் ரெண்டு பேரும் கதைக்கேக்க கேட்டு வைச்சிருக்கிறாள் போல.

ஆரணி தன்ர வீட்டுக்குப் போக, நாங்கள் ரெண்டு பேரும் பஸ்ஸில வந்தம். வீட்டு வாசலில என்னட்டக் கேட்டார்:

"படத்தில அடி வாங்கினவன் குற்றவாளிதானே?"

"ஓம்" எண்டன்.

"என்னை அடிச்சவனும் அப்பிடித்தான் நினைச்சிருப்பான்."

சாப்பிடேல்லை. ஆரணி தன்ர வீட்டில இருந்து அழுதழுது போன் எடுத்தாள். இவர் கதைக்க மாட்டன் எண்டிட்டார். இப்ப முன்னறையில லைற்றும் போடாமல் இருக்கிறார். பக்கத்தில போய் இருக்கிறதோ, தனிய விடுறதோ தெரியேல்லை. இருமிறார். எனக்கு இனி எழுத ஏலாது, அவரிட்டப் போறன்.