பரிமாற ஆள் தேவை

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

எடுத்துட்டாங்கடீ, என்னையும் எடுத்துட்டாங்க, ஒன்பது நாட்டு மாணவர்கள் சேர்ந்து இலவசச் சாப்பாடு கொடுக்கும் இடங்களைப் பற்றி நடத்துகிற ஆய்வில் இனி நானும் ஒருத்தி! கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். யாருடைய வீடியோக்களை எல்லாம் பார்த்துப் பார்த்து நானாகவே படித்தேனோ, அந்தப் பேராசிரியை ஜூமில் என்னைப் பார்த்துக் கையசைத்தார்! ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். அதில் என் வாய் ஆவென்று திறந்திருக்கிறது. பரவாயில்லை, இப்போது அதுதான் என் டிபி.

நீ அங்கே நலமா? உன் மேனேஜர் இன்னும் கடுகடுவென்றுதான் இருக்கிறாரா?

எனக்கு இங்கே ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காரணத்தைச் சொல்கிறேன், ஆனால் யாரென்று கேட்காதே. அங்கே யாரைப் பார்த்தாலும் வெளியே மூச்சு விடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

முதல் நாள், பழைய மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஹாலில் வரிசை சுவரை ஒட்டி நீண்டிருந்தது. அதில் தெரிந்த முகம் ஒன்று, மடித்த துணிப்பையோடு. எனக்குத் தலைகால் புரியவில்லை. "அட, நீங்களும் இங்க பரிமாற வந்திருக்கீங்களா? சூப்பர்!" என்று ஹாலே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

ஒரு நொடி என்னையே பார்த்தார். "ஆமா கண்ணு" என்றார். பையை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக உள்ளே போய்க் கரண்டியைப் பிடித்தார். கடைசி ஆள் வரைக்கும் சிரித்த முகமாகப் பரிமாறினார். நானும் மண்டு மாதிரி டேப்லெட்டில் 'தன்னார்வலர்' என்று டிக் போட்டேன். ஒரு வாய் சாப்பிடாமல், வெறும் பையோடு போனார். அப்புறம் வரவே இல்லை.

சமையல்கார அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "அவங்க வாராவாரம் வரிசையில நிக்கிறவங்கடி. உன் வாய்க்கு ஒரு மூடி போடக் கூடாதா?" என்றாள். குழுத் தலைவனிடம் ஓடினேன். "வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேக்குறேன்னு கிளம்பிடாத தாயே, அது இன்னும் கேவலம்" என்றான். அவர் வீட்டு வாசல் வரை போவதும் திரும்புவதுமாக இருக்கிறேன். ஒருமுறை கதவைத் தட்டக் கையைக்கூடத் தூக்கிவிட்டேன்.

கடைசியில் அக்காவை நச்சரித்து ஒரு விதி போட வைத்தேன். பரிமாற வருகிறவர்கள் எல்லாரும் அங்கேயே சாப்பிட வேண்டும், போகும்போது ஒரு பை எடுத்துப் போயே ஆக வேண்டும். நானும் எடுக்கிறேன், தலைவனும் எடுக்கிறான். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் அனுமதி இல்லை.

அதனால் உன் ஸ்டேட்டஸில் போடு, நம் தெரு குரூப்பில் போடு: சனிக்கிழமை பரிமாற ஆள் தேவை. அப்படியே உன் அம்மாவுக்கும் ஒரு போன் போடு. "அவ தனியா திண்டாடுறாளாம், கொஞ்சம் போய்க் கை கொடும்மா" என்று மட்டும் சொல். சாப்பிட்டியா என்று கேட்காதே. கேட்டால் சாப்பிட்டேன் என்றுதான் சொல்வார்.

நான் வாசலிலேயே நிற்பேன், கழுத்தில் அட்டை இல்லாமல். இன்றைக்கே பேசுடீ, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

இப்படிக்கு,
உன் ஓட்டைவாய்