இரண்டாம் முறை காட்டாத வைரஸ்

அக்கா,

இன்று காலை திருமங்கலம் பக்கமிருந்து வந்த பூச்சிக் குப்பியைத் திறந்தேன். ஸ்பிரிட் நெடியை மீறி ஆட்டுப்பட்டி வாடை. உங்கள் பட்டியென்றே ஒரு கணம் நினைத்துவிட்டேன். நீங்கள் போய் ஒன்றரை வருடமாகிறது.

நாங்கள் கட்டிய விளக்குப் பொறியை முதலில் சந்தேகமாகத்தான் பார்த்தீர்கள். இதில் விழும் கடிபூச்சிகள் கொசுவைவிடச் சின்னவை, அவற்றுக்குள் ஆடுகளைக் கொல்லும் நீலநாக்கு நோயின் வைரஸ் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்ப்போம் என்றேன். "இம்புட்டூண்டு பூச்சிக்குள்ள அதவிடச் சின்னதா ஒண்ணா? நல்லா கத விடுற தாயி" என்று சிரித்தீர்கள். அதற்கப்புறம் வாராவாரம் நான் வருமுன்னே பொறியை இறக்கி வைத்திருப்பீர்கள்.

அந்த ஐப்பசியில் உங்கள் குப்பி ஒன்று பிசிஆர் சோதனையில் 'வைரஸ் உண்டு' என்று காட்டியது. மறுமுறை செய்து பார்த்த பிறகே சொல்வது எங்கள் வழக்கம். ஆனால் பக்கத்து ஊரில் ஆடுகள் வாய் வீங்கிச் செத்துக்கொண்டிருந்தன. போன் செய்துவிட்டேன்.

"என் ஆடெல்லாம் நல்லாத்தான மேயுது?"

"இன்னும் உறுதியாகலக்கா. சாக்கிரதையா இருங்கன்னுதான் சொல்றேன்."

உறுதியாகவில்லை என்றது உங்கள் காதில் ஏறவில்லை. மூன்றாம் நாள் இருபத்திரண்டு ஆடுகளையும் அறுப்புக்கு விற்றுவிட்டீர்கள். அதற்கு மறுநாள் இரண்டாவது சோதனை 'இல்லை' என்றது. மாதிரியும் அதோடு தீர்ந்துபோனது.

வைரஸ் கொஞ்சமாக இருந்ததால் இரண்டாம் முறை சிக்கவில்லையா? முதல் முறை என் கைத்தவறால் வேறு குப்பியிலிருந்து ஒட்டிக்கொண்டதா? யோசித்து யோசித்துக் குழம்பியதுதான் மிச்சம். அடுத்த மாதம் உங்களுக்கு அடுத்த பட்டியில் ஆடுகள் செத்தன. அதைக் கேட்டபோது எனக்குள் வந்தது துக்கமா நிம்மதியா என்றுகூடத் தெரியவில்லை.

வெறும் பட்டியில் நின்று உங்களிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ என்ன பொய்யா சொன்ன? தெரிஞ்சதத்தான சொன்ன. விடு" என்றீர்கள். பிறகு நீங்கள் ஆடு வாங்கவேயில்லை. "விடிஞ்சா என்ன செய்யன்னே தெரியல தாயி" என்று ஒரே ஒருமுறை சொன்னீர்கள். அடுத்த கோடையில் நெஞ்சுவலி என்று தகவல் வந்தது.

போன மாதம் உசிலம்பட்டி பக்கத்து ஆட்டுக்காரர் ஒருவர் போனில் கேட்டார்: "இருக்கா, இல்லையா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க மேடம்."

"ஒரு தடவ காட்டிருக்குண்ணே. நாளைக்கு மறுபடி பாப்போம். அதுவரைக்கும் எதையும் விக்காதீங்க."

"நீங்களா இருந்தா வித்திருவீங்களா?"

"எனக்குத் தெரியலண்ணே."

இத்தனை வருட வேலையில் அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியதும் அதைத்தான், அக்கா.